நல்ல புள்ளையும் பதகளிப்பும்: ‘இன்சைட் அவுட் 2’ படத்தை முன்வைத்து

சிறுவர்களுக்கான கார்ட்டூன் படமொன்றைப் பற்றி இப்படியான ஓர் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். 2024 ஜூன் மாதம் வெளிவந்த பிக்ஸார் நிறுவனத்தின் ‘இன்சைட் அவுட் 2’ அந்த ஆண்டில் உலகிலேயே அதிகம் வசூலித்த படம். தொகை சுமார் 170 கோடி அமெரிக்க டொலர். வசூலை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் 13 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் மனதுக்குள் மூன்று நாட்களில் நடப்பதைச் சொல்லும் ஒரு படத்தை இவ்வளவு பேர் குடும்பத்தோடு பார்த்திருக்கிறார்கள் என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

எங்கட பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். உம்மாமாரும் வாப்பாமாரும்தான் பெரும்பாலும் பார்க்கவில்லை. பெண்கள் பாடசாலையொன்றில் தரம் 9, 10 மாணவிகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவள் நான். ஒரு பிள்ளை தன் கட்டுரையில், பரீட்சைக்கு முதல் நாள் இரவு தனக்குள் ‘செம்மஞ்சள்காரி’ வந்து உட்கார்ந்துகொண்டாள் என்று எழுதியிருந்தாள். யாரம்மா அந்தச் செம்மஞ்சள்காரி என்று கேட்டபோது முழு வகுப்பும் சிரித்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அதன் பிறகுதான் படத்தைத் தேடிப் பார்த்தேன், இரண்டு தடவை.

முதலில் 2015இல் வந்த முதற்படத்தைச் சொல்ல வேண்டும். பீட் டொக்டர் இயக்கியது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது. 11 வயதுச் சிறுமி ரைலி, தாய் தகப்பனோடு மினசோட்டாவிலிருந்து சென் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்கிறாள். அவளுடைய தலைக்குள் ஒரு கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. மகிழ்ச்சி, கவலை, கோபம், பயம், அருவருப்பு என்ற ஐந்து உணர்வுகள் ஐந்து ஆட்களாக அங்கே நின்று, பொத்தான்கள் பதித்த பெரிய பலகையொன்றின் மூலம் அவளை இயக்குகின்றன. கவலையை ஓரம்கட்டி வைத்து ரைலியை எப்போதும் சந்தோஷமாக வைத்திருக்க மகிழ்ச்சி படாதபாடு படுகிறாள். கடைசியில் கவலை அந்தப் பலகையைத் தொட்ட பிறகுதான் ரைலியால் அழ முடிகிறது. அவள் அழுத பிறகுதான் தாயும் தகப்பனும் அவளுடைய துன்பத்தைக் காண்கிறார்கள். கவலைக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று குழந்தைகளுக்குச் சொன்ன படம் அது.

இரண்டாவது படத்தை இயக்கியவர் கெல்சி மேன். முழுநீளப் படமாக இது அவருக்கு முதலாவது. திரைக்கதை மெக் லஃபோவும் டேவ் ஹோல்ஸ்டீனும். ரைலிக்கு இப்போது 13 வயது. ஐஸ் ஹொக்கி நன்றாக விளையாடுவாள். பிரீ, கிரேஸ் என்று இரண்டு உயிர்த்தோழிகள். மூவரும் மூன்று நாள் ஹொக்கி முகாமுக்குப் போகிறார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு கட்டுப்பாட்டு அறையில் ஒரு சிவப்பு விளக்கு அலறுகிறது. பருவ வயது வந்துவிட்டதாம். வேலையாட்கள் கூட்டமாக வந்து சுவரை உடைத்துப் பலகையை மாற்றிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலையில் உணர்வுகள் பலகையில் விரலை வைத்தாலே போதும், ரைலி வெடிக்கிறாள். போகும் வழியில், காருக்குள், தோழிகள் இருவரும் வேறொரு உயர்நிலைப் பாடசாலைக்குப் போகப்போகிறார்கள் என்ற செய்தி அவளுக்குத் தெரியவருகிறது. இந்த நேரம் பார்த்துப் புதிதாக நான்கு பேர் பெட்டி படுக்கையோடு வந்து சேர்கிறார்கள். பதகளிப்பு, பொறாமை, கூச்சம், சலிப்பு. பதகளிப்புத்தான் தலைவி. அவள்தான் என் மாணவியின் செம்மஞ்சள்காரி. அவள் பழைய ஐந்து பேரையும் ஒரு போத்தலில் அடைத்து அனுப்பிவிட்டு ஆட்சியைப் பிடிக்கிறாள்.

தமிழ் படிப்பிக்கிறவளுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அவற்றில் உவகை, அழுகை, வெகுளி, அச்சம், இளிவரல் ஆகிய ஐந்தும் அப்படியே முதற்படத்தின் ஐந்து பாத்திரங்கள். எட்டுக்கு அப்பால் இன்னும் முப்பத்திரண்டை அது தனியே அடுக்குகிறது. அந்த அடுக்கில் பொறாமை இருக்கிறது, நாணல் இருக்கிறது, மடிமை இருக்கிறது, நடுக்கு இருக்கிறது. இரண்டாவது படத்தில் வந்திறங்கிய நான்கு பேருக்கும் இவை கிட்டத்தட்டப் பொருந்துகின்றன. பிக்ஸார்க்காரர்கள் தொல்காப்பியம் படித்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. மனிதர் எங்கிருந்து கவனித்தாலும் மனதின் அடிப்படை ஒன்றாகத்தான் தெரிகிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

எட்டில் மிச்சம் நிற்பவை மூன்று: நகை, மருட்கை, பெருமிதம். இவற்றில் மருட்கை இல்லாமல் போனதுதான் எனக்குக் குறையாகப்படுகிறது. தன்னைவிடப் பெரியதொன்றின் முன்னால் வாயடைத்து நிற்கும் வியப்பு இந்த ரைலிக்கு இரண்டு படங்களிலும் பெரிதாக வாய்ப்பதில்லை. இரண்டு படங்களுக்கும் ஆலோசகராக இருந்த உளவியலாளர் டேக்கர் கெல்ட்னர் 2023இல் இந்த வியப்புணர்வைப் பற்றியே ஒரு தனி நூலை வெளியிட்டார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

இனிப் பதகளிப்புக்கு வருவோம். படத்தின் சிறந்த படைப்பு அவள்தான். மாயா ஹோக்கின் குரல் மூச்சு வாங்கி வாங்கிப் பேசுகிறது. தலைமயிர் மின்சாரம் பாய்ந்ததுபோல நிமிர்ந்து நிற்கிறது. முகத்தில் எந்த நேரமும் ஒரு சிரிப்பு. அவள் கெட்டவள் அல்ல. பயம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்திலிருந்து ரைலியைக் காப்பாற்றுகிறான், தான் கண்ணுக்குத் தெரியாத ஆபத்திலிருந்து காப்பாற்ற வந்தவள் என்று அவளே விளக்கம் சொல்கிறாள். தோழிகள் இல்லாத பாடசாலையில் ரைலி தனித்துப்போவாள், ஆகையால் இந்த மூன்று நாளுக்குள் மூத்த அணியில் இடம்பிடிக்க வேண்டும், அணித் தலைவி வாலின் சிநேகத்தைப் பெற வேண்டும். இந்தக் கணக்கில் பிழை எங்கே என்று கேட்டால் உடனே சொல்ல முடியாது. பதகளிப்பு நியாயமாகப் பேசும் என்பதைப் படம் நன்றாகப் பிடித்திருக்கிறது.

கற்பனை உலகத்தில் முன்பு ரைலி விளையாடிய தலையணைக் கோட்டை ஒன்று உண்டு. பதகளிப்பின் ஆட்சியில் அது ஓர் அலுவலகமாக மாறிவிடுகிறது. வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் குந்தியிருந்து, நாளைக்கு என்னென்ன கெடுதி நடக்கலாம் என்று படம் வரைந்து கொடுக்கிறார். வரைந்ததெல்லாம் நித்திரையில்லாமல் கிடக்கும் ரைலியின் கண்முன்னால் ஓடுகிறது. கற்பனைதான் குழந்தைக்கு விளையாட்டைத் தந்தது, அதே கற்பனைதான் இப்போது அவளை வதைக்கிறது. இதைப் பாடப்புத்தகமாக எழுதினால் பத்துப் பக்கம் வேண்டும். படம் சில நிமிடங்களில் ஆறு வயதுக் குழந்தைக்கும் விளங்கும்படி காட்டிவிடுகிறது.

எங்கட சமூகத்தில் இந்தக் காட்சிக்கு ஒரு தேவை இருக்கிறது. ‘நெஞ்சு படபடக்குது உம்மா’ என்று பிள்ளை சொன்னால் எங்களிடம் இரண்டு பதில்கள்தான் தயாராக இருக்கின்றன. ஒன்று, ‘ஒண்டுமில்ல, சும்மா இரு புள்ள.’ மற்றது, ‘ஈமான் கொறஞ்சா இப்படித்தான், ரெண்டு றக்அத் தொழு.’ தொழுகை மனதுக்கு அமைதி தரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் படபடப்பை ஈமானின் பற்றாக்குறையாக எடைபோட்டால், பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கிற பயத்தின் மேல் இன்னொரு பயம் ஏறுகிறது. தான் மறுமைக்கும் தோற்றவள் என்ற பயம் அது. அதன் பிறகு அவள் வாய் திறப்பதில்லை.

இந்த எடைபோடுதலுக்கு மார்க்கத்தில் ஆதாரம் இருப்பதாகவும் தெரியவில்லை. நபி (ஸல்) அவர்கள் ‘ஹம்மு’, ‘ஹஸன்’ இரண்டிலிருந்தும் பாதுகாவல் தேடியதாக ஹதீஸில் வருகிறது. ஹம்மு என்பது வரப்போவதைப் பற்றிய கலக்கம், ஹஸன் என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய துக்கம் என்று அறிஞர்கள் பிரித்துச் சொல்வார்கள். முதற்படத்தின் கவலையும் இரண்டாவது படத்தின் பதகளிப்பும் நிற்கும் இடங்கள் இவைதாம். நபிமார்களின் மனநிலையைக் குர்ஆன் மறைக்கவில்லை. மகனை இழந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போனதை ஸூரா யூஸுஃபில் ஓதுகிறோம். சூனியக்காரர்களின் முன்னால் மூஸா (அலை) அவர்களின் உள்ளத்தில் அச்சம் எழுந்ததை ஸூரா தாஹாவில் ஓதுகிறோம். கதீஜா (ரழி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டுக்குத் துக்க ஆண்டு என்றே எங்கள் வரலாறு பெயர் வைத்திருக்கிறது. இவர்களுடைய ஈமானை யார் குறை சொல்வது?

பல்கு பகுதியைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கி என்ற அறிஞர் 934இல் மறைந்தவர். உடலின் நலத்தையும் ஆன்மாவின் நலத்தையும் ஒரே நூலின் இரண்டு பகுதிகளாக எழுதினார். ஆன்மாவுக்கான பகுதியில் கோபம், பயமும் பீதியும், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து ஆராய்கிறார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் வரும் துக்கம் வேறு என்று பிரிக்கிறார். உடம்புக்கு நோய் வருவதுபோல ஆன்மாவுக்கும் வரும், அதற்கும் பராமரிப்பு வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி அந்தப் பகுதியை ஆங்கிலத்தில் தந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. பதகளிப்பை ஓர் ஆளாக எதிரில் உட்காரவைத்துப் பேசும் ஹொலிவூட் படத்தைப் பார்த்து நாங்கள் ஆச்சரியப்படுகிறோம். எங்கட அலுமாரியில் தூசி பிடித்துக் கிடப்பதை எடுத்துப் பார்ப்பதில்லை.

படத்தில் எனக்கு அதிகம் நெருக்கமாகப்பட்டது பதகளிப்பின் கதையைவிட மகிழ்ச்சியின் கதை. ரைலியின் மனதுக்கு அடியில் ஒரு நீர்நிலை இருக்கிறது. முக்கியமான ஞாபகங்களை அதில் விட்டால் அவை ஒளிரும் நூல்களாக மேலெழும்பி நம்பிக்கைகளாகின்றன. அந்த நூல்களெல்லாம் சேர்ந்து மேலே ‘நான்’ என்ற உணர்வாகப் பூக்கின்றன. ‘நான் நல்லவள்’ என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். இதைக் கட்டியெழுப்பியது மகிழ்ச்சி. எப்படிக் கட்டினாள்? ரைலி வெட்கப்பட்ட, தோற்ற, பிழைவிட்ட ஞாபகங்களையெல்லாம் ஒரு குழாய் வழியாக மனதின் பின்பக்கத்துக்கு எறிந்துவிட்டு, நல்லவற்றை மட்டும் நீரில் விட்டாள். பதகளிப்பு வந்ததும் இந்த ‘நானை’ப் பிடுங்கி அதே குப்பை மேட்டுக்கு எறிகிறாள். தன் பங்குக்குப் பயந்த ஞாபகங்களை மட்டும் விட்டு இன்னொன்றை வளர்க்கிறாள். அது சொல்வது ‘நான் போதாதவள்’ என்று. இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. மகிழ்ச்சி அன்பாகச் செய்தாள், பதகளிப்பு பயந்து செய்தாள்.

‘நல்ல புள்ள’ என்ற வார்த்தையை நாங்கள் எங்கட பெண்பிள்ளைகளிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! நல்ல புள்ள சத்தம் போட்டுச் சிரிக்காது. நல்ல புள்ள ஒன்பது ‘ஏ’ எடுக்கும். நல்ல புள்ள வீட்டுக்கு ஆள் வந்தால் தேத்தண்ணி ஊற்றிவிட்டு உள்ளே போய்விடும். சொல்பவர்கள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் படத்துக்குள் அடங்காத ஒவ்வொன்றையும் பிள்ளை தனக்குள்ளே ஒரு குழாயில் போட்டுப் பின்பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. பின்பக்கம் ஒரு மலையாகிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு ஒன்றிரண்டு குறைந்துபோன பிள்ளைகளை நான் தரம் 9இல் சந்திக்கிறேன். நான்கு வருடம் கழிந்தும் அந்தப் புள்ளி அவர்களுக்குள் இருக்கிறது. யாரோடும் பேசப்படாமல் இருக்கிறது.

படத்தின் உச்சக் காட்சி ஹொக்கி மைதானத்தின் தண்டனைக் கூண்டுக்குள் நடக்கிறது. ரைலிக்கு மூச்சு அடைக்கிறது, நெஞ்சைப் பிடிக்கிறாள். உள்ளே பதகளிப்பு பலகையைச் சுற்றிச் செம்மஞ்சள் சூறாவளியாகச் சுழல்கிறாள். வேகம் கூடிக் கூடிக் கடைசியில் சூறாவளியின் நடுவே அவள் அப்படியே உறைந்து நிற்கிறாள், கண்ணில் கண்ணீர். நிறுத்த அவளுக்கும் தெரியவில்லை. பீதியில் பிடிபட்ட ஒரு மனதை இவ்வளவு துல்லியமாகத் திரையில் நான் கண்டதில்லை. பெரியவர்களுக்கான படங்களில்கூட. மகிழ்ச்சி அவளை விடச் சொல்கிறாள். பிறகு தான் ஆசையாகக் கட்டிவைத்த ‘நல்லவள்’ உருவையும் தன் கையாலேயே கழற்றிவிடுகிறாள். பின்பக்கத்திலிருந்து சரிந்து வந்த கெட்ட ஞாபகங்களும் நீரில் கலந்துவிட்டதால் புதிய ‘நான்’ ஒன்று முளைக்கிறது. அது ஒரு கணம் நல்லவள் என்கிறது, மறுகணம் சுயநலக்காரி என்கிறது, துணிந்தவள் என்கிறது, பயந்தவள் என்கிறது. ஒன்பது உணர்வுகளும் அதைச் சுற்றி அணைத்துக்கொள்கின்றன.

இந்த இடத்தில்தான் எனக்குப் படத்தோடு ஒரு வழக்கும் இருக்கிறது. இந்த மூன்று நாளில் ரைலி செய்தவற்றைக் கணக்கெடுத்துப் பாருங்கள். மூத்த பிள்ளைகளின் முன்னால், தானும் தோழிகளும் விரும்பிக் கேட்கும் பாட்டுக் குழுவைத் தனக்குப் பிடிக்காததுபோல் நடித்துத் தோழிகளைச் சங்கடப்படுத்துகிறாள். அவர்களைக் கைவிடுகிறாள். இரவில் பயிற்றுநரின் அறைக்குள் களவாகப் புகுந்து குறிப்புப் புத்தகத்தைப் படிக்கிறாள். கடைசி ஆட்டத்தில் சொந்த அணிக்காரியிடமிருந்தே பந்துத் தட்டைப் பறித்துக்கொண்டு ஓடிக் கிரேஸை மோதி விழுத்துகிறாள். இவையெல்லாம் பதகளிப்பின் ஆட்சியில் நடந்தவை, உண்மை. ஆனால் நடந்தவை. படமோ எல்லாவற்றையும் ஒரு மூச்சடைப்பிலும் ஓர் அணைப்பிலும் கரைத்துவிடுகிறது. அவள் தோழிகளிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அது அழகான காட்சிதான், ஆனால் சுருக்கமானது. களவாகப் படித்த குறிப்புப் புத்தகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆரம்ப வரைவுகளில் குற்றவுணர்வு, அவமானம் ஆகியவையும் பாத்திரங்களாக இருந்தன என்றும், கதை மிகவும் கனத்துப்போனதால் நீக்கினோம் என்றும் இயக்குநர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த நீக்கம் படத்தில் ஒரு ஓட்டையாகவே தெரிகிறது. ‘நான் போதாதவள்’ என்ற குரல் வேறு. ‘நான் செய்தது சரியில்லை’ என்ற குரல் வேறு. முதலாவது ஆளையே நிராகரிக்கிறது, இரண்டாவது ஒரு செயலைச் சுட்டுகிறது. முதலாவதிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும், இரண்டாவதைப் பிள்ளையிடம் வளர்க்க வேண்டும். படத்தில் இரண்டாவதற்குப் பேச ஒரு வாய் இல்லை. தன்னைத்தானே கண்டிக்கும் ஆன்மாவை, நஃப்ஸுல் லவ்வாமாவை, ஸூரா கியாமாவின் தொடக்கத்தில் அல்லாஹ் சத்தியமிட்டுச் சொல்கிறான். தீமையைத் தூண்டும் நஃப்ஸுக்கும் அமைதியடைந்த நஃப்ஸுக்கும் இடையில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டாமல் ரைலி நேரே அமைதிக்குப் போய்விடுகிறாள்.

கூச்சம் என்ற பாத்திரத்தில் இதன் ஒரு சாயல் இருந்திருக்கலாம். இளஞ்சிவப்பு நிறத்தில் பெரிய உடம்போடு, தொப்பிச் சட்டைக்குள் முகத்தை இழுத்து மறைத்துக்கொள்ளும் ஒருவன். வாய் பேசுவது குறைவு. ஆனால் கவலை இரகசியமாகத் திரும்பி வந்து ஒளிந்திருப்பதைக் கண்டும் காட்டிக்கொடுக்காமல் உதவுபவன் அவன்தான். ஹயா ஈமானின் ஒரு கிளை என்று கேட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சிறு காட்சி பிடித்திருந்தது. படம் அதை ஒரு வேடிக்கைக்கு அப்பால் கொண்டுபோகவில்லை.

பருவ வயதைப் படம் காட்டும் விதமும் இதோடு தொடர்புடையது. அங்கே அது ஓர் அபாய மணி, உடைப்பு வேலை. முகப்பரு இருக்கிறது, வியர்வை நாற்றம் இருக்கிறது, அதற்கு மேல் உடம்பைப் பற்றிப் பேச்சில்லை. இதே நிறுவனம் 2022இல் வெளியிட்ட, டோமி ஷி இயக்கிய ‘டேர்னிங் ரெட்’ படம் ரொறன்ரோவில் வாழும் 13 வயதுச் சீனப் பிள்ளையைப் பற்றியது. பெண்ணின் உடம்பு மாறுவதை அது இதைவிடத் துணிச்சலாகப் பேசியது. எங்களிடம் பிள்ளை பெரிய பிள்ளையாகிறது என்றால் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பாலிகான நாளிலிருந்து தொழுகையும் நோன்பும் அவள் மேல் கடமை. அவளுடைய செயல்கள் அவளுடைய பெயரில் எழுதப்படுகின்றன. இதைப் பயமுறுத்தலாகவே நாங்கள் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இது ஒரு மரியாதை. இனி நீ ஒரு ஆள், உன் செயலுக்கு நீ பதில் சொல்லத் தகுதியானவள் என்ற மரியாதை. பதில் சொல்லும் பொறுப்பும் பதகளிப்பும் ஒரே வயதில் ஒன்றாக வந்து சேர்வதுதான் அந்த வயதின் கஷ்டம். படம் ஒன்றை எடுத்து மற்றதை விட்டுவிட்டது. நாங்கள் மற்றதைப் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிட்டோம்.

அந்த நீர்நிலையிலிருந்து எழும்பும் நம்பிக்கைகளையும் கவனித்தேன். நான் நல்ல தோழி, நான் அன்பானவள், நான் பலசாலி. நாம் கேட்பவை பெரும்பாலும் ‘நான்’தான். ரைலி தன்னைத் தவிர வேறு எதையாவது நம்புகிறாளா என்று தெரியவில்லை. தாயும் தகப்பனும் முகாமில் இறக்கிவிட்டுப் போகிறார்கள், கூப்பிட வருகிறார்கள். மூத்தம்மா இல்லை, ராத்தா இல்லை, பிரார்த்தனை இல்லை. தன்னைத் தானே நம்பிக்கொண்டு நிற்க வேண்டிய பிள்ளைக்கு அந்த நம்பிக்கை ஆடினால் எல்லாம் ஆடத்தான் செய்யும். இது படத்தின் குறை என்பதைவிட, படம் பிறந்த சமூகத்தைப் பற்றிய தகவல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’வில் உள்ளத்தின் அற்புதங்களைப் பேசும் பகுதியில் ஓர் உவமை வருகிறது. உடம்பு ஒரு நகரம், உள்ளம் அதன் அரசன், அறிவு மந்திரி. கோபம் காவல் அதிகாரி, இச்சை உணவு கொண்டுவந்து தரும் வேலைக்காரன். காவல்காரனும் வேண்டும், வேலைக்காரனும் வேண்டும், ஆனால் அரசன் ஆள வேண்டும். பிக்ஸாரின் கட்டுப்பாட்டு அறையையும் இந்த நகரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் உடனே தெரியும். அங்கே அரசனின் ஆசனம் வெறுமையாக இருக்கிறது. மந்திரியையும் காணோம். யார் முதலில் பலகையில் கை வைக்கிறாரோ அவர் சொன்னபடி ரைலி ஆடுகிறாள். முதற்படம் பார்த்தபோதும் இந்தக் கேள்வி இருந்தது: இந்த ரைலி என்பவள் யார்?

இரண்டாவது படம் இதற்கு ஒரே ஓர் இடத்தில் பதில் தருகிறது. மூச்சடைப்பு அடங்கி, தோழிகளோடு சமாதானமான பிறகு, கட்டுப்பாட்டுப் பலகை தானாக ஒளிர்கிறது. ரைலி மகிழ்ச்சியைக் கூப்பிடுகிறாள். அதுவரை உணர்வுகள்தான் அவளை இயக்கின. இப்போது அவள் ஓர் உணர்வைத் தேர்கிறாள். சில வினாடிகளில் போய்விடும் காட்சி இது, குழந்தைகள் கவனிக்காமலும் விடலாம். என் கணிப்பில் படத்தின் பெரிய விஷயம் இதுதான். வளர்வது என்றால் புதிய உணர்வுகள் வந்து சேர்வது மட்டும்தானா என்ற கேள்விக்கு, கூப்பிடுகிற ஒருத்தியும் உள்ளே வளர்கிறாள் என்று அது சொல்கிறது. நிய்யத்தைப் பற்றிப் படித்த எங்களுக்கு இந்தக் காட்சியின் பெறுமதி விளங்க வேண்டும்.

கலை என்ற வகையில் படம் முதற்படத்தின் உயரத்தை எட்டவில்லை. வெளியே வீசப்பட்ட ஐந்து பேரும் மனதின் நிலப்பரப்பினூடாகத் திரும்பி வரும் பயணம் முன்பு பார்த்த பயணத்தின் மறுபதிப்பு. பொறாமை ஆரம்பத்தில் வாலின் தலைமயிருக்கு ஆசைப்படுவதோடு சரி, பிறகு பதகளிப்பின் உதவியாளாகச் சுருங்கிவிடுகிறாள். சலிப்பு எப்போதும் கதிரையில் சாய்ந்தபடி போனைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு நகைச்சுவைக்கு அப்பால் அவளுக்கு வேலையில்லை. பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் குழுவொன்றை அழைத்து, படம் உருவாகும்போதே காட்டிக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். ரைலியின் பேச்சிலும் உடல்மொழியிலும் தெரியும் நம்பகத்தன்மைக்கு அது ஒரு காரணமாக இருக்க வேண்டும். எங்கட மேடை நாடகங்களும் வானொலி நிகழ்ச்சிகளும் இளம் பெண்களைப் பற்றிப் பேசும்போது அவர்களில் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டுப் பேசுகின்றன என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

கடைசியில் பதகளிப்பை யாரும் விரட்டவில்லை. அவளுக்கென்று ஒரு சாய்வுக் கதிரையும் குடிக்க ஒரு கோப்பைத் தேநீரும் கொடுக்கிறார்கள். வீணாகப் பதறத் தொடங்கும்போது அவளை அதில் கொண்டுபோய் உட்காரவைக்கிறார்கள். நாளைய ஸ்பானிய மொழிப் பரீட்சையைப் பற்றி அவள் ஞாபகப்படுத்தினால், அது எங்கள் கைக்குள் இருக்கிற விஷயம், படிப்போம் என்கிறார்கள். கைக்குள் இருப்பதைச் செய், மிச்சத்தை விடு என்ற இந்தப் பாடம் எங்களுக்குப் புதிதல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

பிள்ளைகளோடு சேர்ந்திருந்து இந்தப் படத்தைப் பாருங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். பார்த்து முடிந்ததும் உபதேசம் வேண்டாம். உனக்குள் இப்போது யார் பலகையில் நிற்பது என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலை ஈமானோடும் புள்ளியோடும் ஒப்பிடாமல் கேட்க முடியுமென்றால், பிறகொரு நாள் ‘நான் ஒரு பிழை செய்துட்டன் உம்மா’ என்று சொல்லவும் அந்தப் பிள்ளை உங்களிடம்தான் வரும். அப்போது படம் பேசாமல் விட்ட மிச்சத்தை நீங்கள் பேசலாம்.